முன்நிவாரணம்

காலை ஒன்பது மணிக்கு முத்திருளாயியின் கைப்பேசிக்கு நிவாரணப் பணம் வந்தது. செத்த அறுபத்தோரு ஆடுகளுக்கான இழப்பீடு. அந்த அறுபத்தொன்றும் அப்போது அவள் கண்ணெதிரே கருவேல நெற்றுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

 அவள் கணவனைக் கூவி அழைத்தாள்.

ஆடு செத்தபிறகு அதைப் படமெடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாய் அலைந்த காலம் போய் நான்கு வருடமாகிறது. இப்போது எல்லாம் முன்நிவாரணம்தான். மாவட்டத் தலைநகரில் இருக்கும் கணிப்பான் என்னும் கணினி வானிலை, கண்மாய் நீர்மட்டம், ஒவ்வோர் ஆட்டின் காதுவில்லையும் அனுப்பும் உடல்சூடு, மனிதர்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஆடு சாகும் என்று தெரிந்ததும் பணத்தை அனுப்பிவிடும். எதனால் சாகும் என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது. போன ஐப்பசியில் பணம் வந்த ஒன்பதாம் நாள் கண்மாய் உடைந்தது. அதற்கு முந்தைய கோடையில், ஆறாம் நாள் காட்டுத்தீ. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"எல்லாத்துக்குமா வந்திருக்கு?" கைப்பேசியை வாங்கிப் பார்த்தான் கணவன் காசிலிங்கம்.

"ஒண்ணு விடாம. பொறந்து பத்து நாளான குட்டிக்குங்கூட."

"வெள்ளமாத்தான் இருக்கும். செம்மண்மேட்டுக்குப் பத்திட்டுப் போயிருவோம்."

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனாலும் வழிநெடுக அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். மேட்டை அடைந்தபோது சுற்றுவட்டாரமே அங்கே வந்திருந்தது. நாற்பது ஆட்டுக்கிடைகள், ஒரே தண்ணீர்த் தொட்டி.  எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

மழை வரவில்லை. ஏழாம் நாள் கால்நடை மருத்துவர் பர்வீன் வந்தார். முத்திருளாயியின் மடியில் கிடந்த குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே புண். மூக்கில் சளி ஒழுகியது.

"ஆட்டுக்கொல்லி நோய் அக்கா, ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தொத்தும். முதல்ல எந்தக் கிடையில பார்த்தீங்க?"

"வடக்கேருந்து வந்த கிடையில, டாக்டரம்மா. வரும்போதே ஒரு ஆட்டுக்கு மூக்கு ஒழுகிட்டுத்தான் இருந்துச்சு."

"அவங்க அங்கேயே இருந்திருந்தா நோய் அந்தக் கிடையோட நின்னுபோயிருக்கும். எல்லாரும் ஏன் ஒரே இடத்துக்கு வந்தீங்க?"

"பணம் வந்துச்சே."

சொல்லி முடிப்பதற்குள் முத்திருளாயிக்குப் புரிந்துவிட்டது. "நாங்க ஓடி வருவோம்னு கணிப்பானுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக.

பர்வீன் உடனே கைப்பேசியை எடுத்தார். நிவாரண அலுவலகத்தைக் கூப்பிட்டு, இனி யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினார்.

"அதுவா அனுப்புது மேடம். நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல. போன வருஷம் ரெண்டு நாள் தாமதமானதுக்கே கோர்ட்டுக்குப் போனாங்க," என்றது மறுமுனைக் குரல்.

முத்திருளாயி பக்கத்து ஒன்றியத்தில் ஆடு மேய்க்கும் தங்கை பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்களுக்கும் நேத்து வந்திருச்சு."

"எங்கயும் போகாதடி. அங்கேயே இரு."

"சாகப்போகுதுன்னு தெரிஞ்சும் எப்படிக்கா சும்மா இருக்கிறது? உங்க மேட்டுக்கிட்ட வந்துட்டோம்."

பேச்சு அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. முத்திருளாயி குட்டியைக் கணவனிடம் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள். பின்னாலிருந்து பர்வீன் கத்துவது கேட்டது: "அக்கா, அந்தத் துணியோட போகாதீங்க! நோய் துணியில ஒட்டிக்கிட்டுப் போகும்!"

அதற்குள் பாதித் தூரம் போய்விட்டாள். குனிந்து பார்த்தாள். கை, சேலை எல்லாம் குட்டியின் சளி. எதிரே பாதை நிறைய ஆடுகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் பஞ்சவர்ணம்.

"கிட்ட வராத!" முத்திருளாயி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தாள். "திரும்பிப் போ!"

எதிர்காற்றில் வார்த்தை போய்ச் சேரவில்லை. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பதறி, பஞ்சவர்ணம் ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே ஆடுகளும் ஓடிவந்தன.