பனியில் கேட்ட ஹார்ன்

"ஏங்க... இப்படி விடாம ஹார்ன் அடிச்சா, நாங்க வேலை பாக்க வேணாமா?"

பனிக்குள்ளிருந்து முதலில் குரல் மட்டும்தான் வந்தது. கலைமதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். காரின் முன்பக்கம் ஆவி சீறிக்கொண்டிருந்தது. இருபுறமும் மரக்காணத்து உப்பளம்... ஆனால் எதுவும் தெரியவில்லை. தை மாதத்துக் காலைப் பனி பாத்தியையும் வரப்பையும் ஒன்றாக மூடியிருந்தது.

"நான் ஹார்ன் அடிக்கலைங்க," என்றாள்.

குரலுக்குப் பின்னால் ஆளும் வந்தான். முழங்கால் வரை சேறு. புருவத்தில் பனித்துளி... அதற்குக் கீழே, கோபமாகக் கிளம்பி வரும் வழியிலேயே கோபத்தை மறந்துவிட்ட இரண்டு கண்கள்.

"மூணு தடவை அடிச்சுது. நீட்டி நீட்டி. அதைக் கேட்டுத்தான் ஓடி வர்றேன்."

அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி நின்றதிலிருந்து அவள் வெளியேதான் நிற்கிறாள். சாவி அவள் கையில் இருக்கிறது.

அது பாலகுருவின் கார். காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்ட அவள் கணவன். அவன் போன பிறகு இரண்டு வருடமாக பிரம்மதேசத்து வீட்டு ஷெட்டிலேயே நின்ற வண்டியை, புதுச்சேரியில் வாங்க வருகிறவரிடம் காட்டுவதற்காக இன்றுதான் வெளியே எடுத்திருந்தாள். மரக்காணத்தைத் தாண்டும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பழைய வண்டி, ஏதாவது ஒயர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. டொக்... டொக்... யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுவது போல. பயத்தில் இன்னும் வேகமாக மிதித்தாள். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. கடைசியில், இங்கே வந்து நின்றுவிட்டது.

வந்தவன் பெயர் அரசப்பன். அங்கே பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவன். ஆயில் விளக்கு எரிந்ததையும் சத்தம் வந்ததையும் அவள் சொல்லக் கேட்டபடியே பானெட்டைத் தூக்கி, தோளிலிருந்த துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தான்.

"தொறக்காதீங்க. கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்."

கையை எடுத்துக்கொண்டான். "இவ்வளவு தெரிஞ்சவங்க, ஆயில் லைட் எரிஞ்சப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

சூடு தணியும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஆறிக்கொண்டிருந்த இரும்பு மட்டும் டிக்... டிக்... என்று பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்தான். நுனியில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. ரொம்ப நாள் நின்றதில் சீல் காய்ந்து ஆயில் ஒழுகியிருக்கும், ஆயில் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசித்தான் அந்தச் சத்தமும் சூடும் என்றான். இனி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், டிராக்டரில் கட்டி மெக்கானிக்கிடம் இழுத்துப் போகலாம் என்றும் சொன்னான்.

"உள்ள யாரோ தட்டுற மாதிரி இருந்துதுங்க," என்றாள் மெல்ல. "இது அவர் வண்டி. விக்கப் போறேன்னு..."

அவன் சிரிக்கவில்லை. பின்னாட்களில் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டது அதைத்தான்.

"ஆயில் இல்லைன்னா தட்டத்தான் செய்யும். ஆனா ஹார்ன் சத்தம்... அது எனக்கும் புரியலைங்க."

இருவரும் ஒரே நேரத்தில் காலியான டிரைவர் சீட்டைப் பார்த்தார்கள். பிறகு, வெட்கப்பட்டவர்கள் போல, ஒருவரை ஒருவர்...

ரிப்பேர் இழுத்துக்கொண்டே போனது. அரசப்பன் பைக்கில் பிரம்மதேசத்துக்கு வந்து நிலவரம் சொன்னான். ஒரு முறை சீல் கிடைக்கவில்லை. இன்னொரு முறை பேரிங் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது வாசலில் நின்றுகொண்டே தடுமாறினான்.

"இன்னிக்கு எந்த பார்ட் வரலை?" என்று கேட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பார்ட் எல்லாம் வந்துடுச்சுங்க. நான்தான்... சும்மா வந்தேன்."

உள்ளேயிருந்து மாமியார் தையல்நாயகி வந்தாள். குரலை உயர்த்தவில்லை. வண்டியை அங்கே நிறுத்தியது என் பிள்ளைதான், அவன் இன்னும் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை, இனிமேல் நீ வர வேண்டாம் என்றாள் அரசப்பனிடம். கலைமதி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இவன் பரிதாபப்பட்டுத்தான் வருகிறானோ... அந்த நினைப்பு அவள் வாயைக் கட்டிப்போட்டது. அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வண்டி வீடு வந்தது. அவன் வரவில்லை. ஷெட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருந்தவள், இப்போது பைக் சத்தத்துக்கு ஏங்கினாள்.

ஒரு விடியலில் சாவியை எடுத்தாள்.

"அத்தை, நான் உப்பளத்துக்குப் போறேன். அவரைப் பாக்க."

தையல்நாயகி மகனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பனியா இருக்குது... லைட்டைப் போட்டுகிட்டுப் போ."

உப்பளத்தில் அதே வெள்ளை. வரப்பின் மேல் ஒரு உருவம் முதுகைக் காட்டி நின்றது. கிட்டே போனால் தைரியம் போய்விடும் என்று, சாலையோரத்திலேயே நின்று பேசினாள்.

"அன்னிக்கு நான் வாயைத் தொறக்கல. பரிதாபத்துல வர்றீங்களோன்னு நெனச்சேன்... எனக்கு அது வேணாம். நீங்கதான் வேணும். அவரை மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். மறக்கவும் மாட்டேன். ஆனா நீங்க வராத வீட்ல என்னால இருக்க முடியலைங்க..."

உருவம் அசையவில்லை. தலை மட்டும் லேசாகத் தாழ்ந்தது. சரி என்பது போல.

"கலைமதி..."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். மண்வெட்டியோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த அரசப்பன் சாலையில் நின்றிருந்தான்.

"அங்க யாருகிட்டங்க பேசுறீங்க? ஆளுங்க யாரும் இன்னும் வரலையே."

அவள் மறுபடியும் வரப்பைப் பார்த்தாள். பனி மட்டும்தான் இருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு செடிகூட இல்லாத வெறும் வரப்பு. பிடரியில் குளிர் ஊர்ந்தது... ஆனால், என்ன ஆச்சரியம், நெஞ்சில் இருந்த கனம் இறங்கியிருந்தது.

"நான் சொன்னதைக் கேட்டீங்களா?"

"எல்லாத்தையும்." மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தான். "பரிதாபம் இல்லைங்க... ஆசை. மொத நாள்லேர்ந்தே. சொல்லத்தான் பயம்."

அவள் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். கலைமதி வரப்புப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றாள். "கையை மட்டும் விடாதீங்க."