மேல்வீட்டு இணைப்பு

பூட்டிக் கிடந்த மேல்வீடு எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

நெட் அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் நெட் அக்காதான்; பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் பிழைத்திருந்தது. மொத்தக் கட்டடத்துக்கும் இணையம் கொடுப்பது அவள் பொறுப்பு. இரண்டாம் மாடியில் இருந்த அவள் வீட்டின் உள்ளறையில், துணி காயும் கொடிக்குக் கீழே, அந்தச் சர்வர் உட்கார்ந்திருந்தது. யார் பாஸ்வேர்டு போட்டாலும் முதலில் அங்கேதான் வரவேண்டும். ஆள் யார், உள்ளே விடலாமா, விட்டால் எவ்வளவு வேகம் என்று அது சொன்ன பிறகுதான் யார் வீட்டிலும் படம் ஓடும். ரேடியஸ் சர்வர் என்பது அதன் பெயர். அவள் 'வாசல்காரன்' என்று சொல்வாள்.

விடாத மழை, போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"என்னம்மா இது, படம் சுத்திக்கிட்டே நிக்குது. நான்தான் வயரைக் கடிச்சுத் தின்ன மாதிரி என் பொண்டாட்டி என்னை முறைக்கிறா."

"யாரோ ஒருத்தரே மொத்தத்தையும் இழுக்கறாங்க சார். பாத்துக்கிட்டிருக்கேன்."

"யாரா இருந்தாலும் வீட்டுக்கு இவ்வளவுதான்னு அளவு போட்டு விடு. என் வீட்டை மட்டும் விட்டுடு." தான் சொன்னதற்குத் தானே சிரித்துவிட்டு வைத்தார்.

அந்த யாரோ ஒருத்தர், டான்ஸ் டீச்சர். அவளுடைய வீட்டுக்கு நேர் மேலே இருந்தவர். மகன் வந்து வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான் என்று கேள்வி. போகும்போது வீட்டைப் பூட்டி, பாதுகாப்புக்கென்று நான்கு கேமரா மாட்டிவிட்டு, இணைப்பு மட்டும் ஓடட்டும் அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆள் இல்லாத வீட்டில் கேமராவுக்கு என்ன வேலை? சுவரையும் நாற்காலியையும் காட்டிக்கொண்டிருந்தால் போதும். இங்கேயோ நான்கும் உச்சத் தெளிவில், ஒரு நொடி ஓயாமல், யார் யாருக்கோ படத்தை அனுப்பிக்கொண்டிருந்தன.

"அக்கா, மறுபடியும் அந்த நாத்தம்."

தங்கை கூடத்துச் சோபாவில் ஒருக்களித்துப் படுத்து, துப்பட்டாவை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தாள். ஏழாம் மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளாக அவள் மூக்கு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"குழாய் போற டக்ட்ல எலி செத்திருக்கும்டி."

"ஒரு எலி எத்தனை நாள்க்கா செத்துக்கிட்டே இருக்கும்?"

நெட் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சை இழுத்தபோது அவளுக்கும் தெரிந்தது. திரிந்த பாலும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி, அதன் அடியில் ஏதோ தித்திப்பாக, தொண்டைக்குள் போய் நாக்கின் பின்பக்கம் பிசினாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வாடை. எச்சிலை விழுங்கவும் மனம் வரவில்லை. எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினாள்.

வீடுகளை எல்லாம் ஒரு குழுவில் போட்டு அளவு எழுதினாள். மேல்வீட்டுக்கு இருப்பதிலேயே சின்ன அளவு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பில் புது அளவு ஏறாது. ஆளை ஒரு தரம் வெளியே தள்ளவேண்டும்; திரும்ப உள்ளே வரும்போதுதான் வாசல்காரன் புது அளவைக் கையில் கொடுத்து அனுப்புவான். மேல்வீட்டைத் தேர்ந்தெடுத்து வெளியே தள்ளினாள்.

தலைக்கு மேலே நாற்காலி ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது.

அண்ணாந்து பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த விட்டம், ஓடாத மின்விசிறி. சன்னலைச் சரியாகச் சாத்தாமல் போயிருப்பார்கள், காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் மேல்வீடு திரும்ப லாகின் ஆகி, புது அளவில் மெலிசாக ஓடத் தொடங்கியிருந்தது. செயலாளரிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம். மழையின் இரைச்சலுக்கு அடியில், ஈரத் துணியைத் தரையில் அறைவதுபோல ஒன்று. பிறகு தரையில் ஒட்டிக்கொண்டது பிய்ந்து வருவதுபோல நிதானமாக இன்னொன்று. சற்று நின்று, மேல்வீட்டு இணைப்பின் ஓட்டத்தைக் காட்டும் கோடு திரையில் அறுந்து அறுந்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, மறுபடியும் அறை, மறுபடியும் பிய்ப்பு. அதில் ஒரு கணக்கு இருந்தது. தை, தா. தை, தா. டீச்சர் வகுப்பு எடுத்த காலத்தில் சாயங்காலமெல்லாம் கேட்டுச் சலித்த அதே பாத வரிசை. இப்போது அது மிகமிக மெதுவாக, எலும்பில் நிற்காத பாதத்தில் கேட்டது.

குளியலறையில் தங்கை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு ஓடினாள்.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். முகத்திலும் கழுத்திலும் நீர் வழிந்தது. "வாய் கொப்பளிச்சேன்க்கா. தண்ணி ஒரு மாதிரி வழவழன்னு இருக்கு."

வாளியை எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம், அதில் பழுப்பாக ஒரு நூல் மிதந்தது. மேலே, குழாய் இறங்கும் ஓட்டையைச் சுற்றிக் கூரை ஊறிப் பூத்திருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு கனத்துத் தொங்கி, இழுபட்டு நீண்டு, விழாமல் தயங்கி, பிறகு பொத்தென்று வாளியில் விழுந்தது. கூடவே வெள்ளையாக ஏதோ விழுந்தது. அது நெளிந்தது. பழுப்பு நூல் என்று அவள் நினைத்தது, அழுக்கேறிய நீளமான ஒரு நரைமுடி.

தங்கை பார்க்கும் முன் வாளியைக் கவிழ்த்தாள். குடத்து நீரை ஊற்றி அவள் வாயையும் முகத்தையும் திரும்பத் திரும்பக் கழுவினாள். தன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். விரலிடுக்கில் வழவழப்பு போகவில்லை.

"கதவைத் திறந்து வைக்கறேன். காத்து வரட்டும். இங்க மூச்சே விட முடியல" என்று தங்கை வாசல் பக்கம் போனாள்.

அப்போது உள்ளறையில் போன் அடித்தது; போய் எடுத்தாள். மேல்வீட்டு மகன்.

"அக்கா, படம் நின்னு நின்னு வருது. நீங்க ஏதாவது மாத்தினீங்களா?" மரியாதையான குரல்தான், ஆனால் ஓடி வந்தவனைப்போல மூச்சு வாங்கியது.

"எல்லாருக்கும் அளவு போட்டிருக்கு தம்பி. காலி வீட்டுக்கு அவ்வளவு எதுக்கு? அது கிடக்கட்டும். உங்க வீட்லேர்ந்து என்னமோ ஒழுகுது. சாவி யார்கிட்ட இருக்கு?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். போனின் பின்னணியில் ஒரு பெண் குரல் அடக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது: "கண்ணை எடுக்காதே. நின்னாலும் பாத்துக்கிட்டே இரு. கண்ணை எடுக்காதே."

"தம்பி?"

"அம்மா அங்கதான்க்கா இருக்காங்க."

"கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே."

"இறந்துட்டாங்க. நான் வந்தப்பவே." குரல் உடைந்தது. "பெட்டியில வெச்சு மூடினோம். மூடினதும் உள்ளேர்ந்து தாளம் போட்டாங்க. நான் பொய் சொல்லலக்கா. திறந்தா சும்மா கிடக்காங்க, மூடினா தட்டறாங்க. அம்மாவுக்கு எப்பவும் யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும், உங்களுக்கே தெரியும். நாங்க பாத்தா உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான். நான், என் பொண்டாட்டி, சித்தி, மாமா, எல்லாரும் முறை போட்டுப் பாக்கறோம். படம் நிக்கற நேரத்துல…"

தை, தா. இந்த முறை சத்தம் அறையின் நடுவில் இல்லை. மேல்வீட்டு வாசல் பக்கம் கேட்டது.

வாளியில் விழுந்தது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அது தங்கையின் வாயில் எவ்வளவு போயிருக்கும் என்ற நினைப்பு ஓங்கரிப்பாக எழும்பி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். இந்த ஆள் தன் அம்மாவை அழுகவிட்டு, அதை உச்சத் தெளிவில் முறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் படம் அத்தனை நாளும் தன் இணைப்பு வழியாகத்தான் போயிருக்கிறது.

"வேகத்தை ஏத்துங்கக்கா. கால்ல விழறேன்."

"ஏத்தறேன். ஆனா ஒரு தரம் கட் ஆகித்தான் வரும்."

"கட் பண்ணாம முடியாதா?"

முடியும், புதுச் சர்வராக இருந்தால். இந்தப் பழசு கேட்காது. படம் இப்படியே நின்று நின்று வந்தால், நிற்கும் நேரத்திலெல்லாம் மேலே இருப்பது அடி அடியாக வந்துகொண்டுதான் இருக்கும். கட் பண்ணினால் ஒரே ஒரு முறைதான். அவள் பழைய அளவைத் திரும்ப எழுதினாள். வெளியே தள்ளும் பொத்தானை அமுக்கினாள்.

பெயர் மறைந்தது.

மேலே தாளம் நின்றது. பிறகு ஓட்டம். கனமான, ஈரமான, அவசரமான ஓட்டம். கதவு ஒன்று பிளந்த சத்தம்.

பெயர் வரவில்லை.

மாடிப்படி. சொத். சொத். சொத். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா. வந்து தொலை.

பெயர் வந்தது. பாஸ்வேர்டு சரி. முழு வேகம்.

"படம் வந்துடுச்சுக்கா" என்றான் மகன். "தெளிவா இருக்கு." பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "நாற்காலி காலியா இருக்கு."

கதவு. தங்கை திறந்து வைத்த கதவு.

நாற்றம் முதலில் வந்தது. கண்ணில் நீர் வரவழைக்கும் கெட்டியான நாற்றம். அவள் உள்ளறை வாசலுக்கு வந்தாள். கூடத்தின் நடுவில் அது நின்றிருந்தது. அவள் பார்த்த கணத்தில் நின்றுவிட்டிருந்தது.

ஆடத் தொடங்கும் முன் நிற்கும் நிலை. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருந்தது. ஒரு கை தலைக்கு மேல். தோல் உறைபோலக் கழன்று முழங்கையில் சுருண்டிருந்தது. வீங்கிக் கறுத்த முகம் அவள் பக்கம் சாய்ந்து, உதடில்லாத வாய் மேடைச் சிரிப்பில் விரிந்திருந்தது. கன்னத்துக்கு உள்ளே சின்னச் சின்னதாக எதுவோ அசைந்தது. அது மட்டும்தான் அசைந்தது. காலடியில் பழுப்பாகக் குளம் கட்டியது.

"பாத்துக்கிட்டே இருங்கக்கா." போனில் மகன் அழுதான். "நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அவங்களுக்குப் பிடிக்கும்."

"நல்லா இருக்கு டீச்சர்." வாயைத் திறந்ததும் நாற்றம் நாக்கில் இறங்கியது.

குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"அக்கா, யாரு வந்திருக்கா?"

"உள்ளயே இரு. வெளிய வராத."

"என்ன சொல்ற? கேக்கல. தலை சுத்துதுக்கா."

கண் எரிந்தது. இமைக்கவில்லை. ஈக்கள் அந்த முகத்திலிருந்து கொத்தாக எழுந்து கூடத்தைச் சுற்றின. ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. ஈரக் கால்கள். மேலே ஏறியது. கீழிமையின் ஓரத்தில் நின்று முன்கால்களைத் தேய்த்தது. பிறகு உள்ளே கால் வைத்து, அவளுடைய கண்ணின் வெள்ளையில் மெதுவாக நடந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.