அம்பின் மேல் எழுத்து

ஏரிக்கரையில் அந்த வீரனை மூன்றாம் முறையாகக் கொன்றார்கள். நெஞ்சில் மூன்று அம்பு தைக்க, வாயில் ரத்தம் பொங்க, ஆளுயர ஒளியுடம்பாய் அவன் சரிந்தான். சுற்றி நின்ற நெடுமடுவு ஊர்க்காரர்கள் சொந்தப் பிள்ளை செத்ததுபோல் அலறினார்கள்.

நிகழ்த்தி என்ற அந்தக் கருவி, ஆயிரம் வருடத்து நடுகல்லில் இருக்கும் படத்திலிருந்து உடம்பை எடுத்துக்கொள்ளும். எழுத்திலிருந்து பெயரையும் காரணத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தைத்தான் நம்பும். நிகழ்த்தி காட்டுவதே சாட்சி என்று சட்டம் வந்த பிறகு, செத்த வீரன் எந்த ஊரோ அந்த ஊருக்கே ஏரி. எழுத்தின்படி செத்தவன் நெடுமடுவுக்காரன். கொன்றவர்கள், அதே ஏரிக்கு வழக்காடும் பக்கத்து ஊரான கோரைக்குட்டைக்காரர்கள்.

கல்லைக் கழுவும் கூலியாள் மாதப்பன் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன். கண்ணைவிட விரலைத்தான் நம்புவான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார், இந்த வரி அம்பு மேல ஏறி ஓடுது. படம் ஒருத்தனோடது. எழுத்து, பின்னால வந்த எவனோ வெட்டுனது."

அதிகாரி செங்கதிர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கழுவுய்யா. படிக்கிறதுக்கு மிஷின் இருக்கு."

ஆனால் அது கிட்டான் காதில் விழுந்துவிட்டது. மாதப்பனின் தங்கை புருஷன். கோரைக்குட்டையிலிருந்து தீர்ப்புக் கேட்கத் துணிந்து வந்தவன் அவன் ஒருவன்தான்.

"கேட்டீங்களாய்யா! எவன் கல்லுலயோ பேர வெட்டிக்கிட்டு, இவனுங்களுக்கு ஏரி வேணுமாம் ஏரி!"

"மாப்ள, வாய மூடு!" என்று மாதப்பன் கத்துவதற்குள் கடப்பாரை இறங்கியது. நெடுமடுவுக்காரர்கள் ஐந்து பேர். விழுந்த பிறகும் அடித்தார்கள். மண்டை ஈர விறகுபோல் பிளந்தது. அதிகாரி வண்டிக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டார்.

சாவு விழுந்த இடத்தில் கல் நட வேண்டும் என்பதும் அதே சட்டம். நிகழ்த்தி தன் கண்ணால் கண்டதைக் கல்லில் செதுக்கியது: நடுவில் கிட்டான், சுற்றி ஐவர், கையில் கடப்பாரைகள். முகங்கள் அச்சு அசல். எழுத்தை மட்டும் செத்தவனின் சொந்தக்காரன் தன் கையால் வெட்ட வேண்டும்.

நெடுமடுவுத் தலைவன் நல்லாண்டி, மாதப்பன் பிடரியில் அரிவாளை வைத்தான். "பாம்பு கடிச்சு செத்தான்னு வெட்டு."

"படத்துல அஞ்சு பேரும் இருக்கானுங்களே..."

"இருக்கட்டும். உன் தங்கச்சி வீடு எனக்குத் தெரியும்டா."

மாதப்பன் வெட்டினான். எழுத்து கோணியது. ஆனாலும் படிக்க முடிந்தது.

தங்கை குப்பாயி தலைவிரிகோலமாய் ஓடி வந்தபோது, உடம்பை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். திறந்து பார்க்க விடவில்லை. "என்னாச்சுண்ணா? சொல்லுண்ணா!" என்று அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மாதப்பனின் கண் நல்லாண்டியின் அரிவாளுக்குப் போனது.

நிகழ்த்தி ஓடியது. தான் நேரில் கண்டதும் அதற்கு வெறும் படம்தான்.

கிட்டானின் காலைப் பாம்பு கொத்தியது. ஐவரும் பதறி ஓடி வந்தார்கள். கடப்பாரைகளைச் சேர்த்துத் துண்டு கட்டி, தூளிபோல் அவனைத் தூக்கினார்கள். ஒருவன் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். கூட்டம் விம்மியது. அடித்தவர்களில் ஒருவனே தன்னை அங்கே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

குப்பாயி அண்ணனை விட்டுவிட்டு, அந்த ஐவர் காலிலும் போய் விழுந்தாள்.

"கூடப் பொறந்தவன் சும்மா நின்னானே... நீங்கதான்யா தூக்குனீங்க."