அரை நிமிடக் கணக்கு

சுகப்பிரியாவின் பத்து மாதத் தம்பி ரகுவுக்கு இரண்டு நாளாகச் சளி. "சாயந்திரம் மூச்சை எண்ணிச் சொல்லுங்க" என்று கிராம நர்ஸ் கனகம் சொல்லியிருந்தார். அம்மா செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்.

அப்பா ரகுவை மடியில் கிடத்தி, அவன் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். ஆறாம் வகுப்பு படிக்கும் சுகப்பிரியா செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்த்தாள். நடுவில் ரகு சிணுங்கிப் புரண்டான். அவள் சட்டென்று ஸ்டாப்வாட்சை நிறுத்த, அப்பாவும் எண்ணுவதை நிறுத்தினார்.

"இருபத்தெட்டு" என்று அப்பா நர்ஸுக்குப் போன் செய்து சொன்னார்.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் நர்ஸ்.

அப்பா டீ போடப் போனார். சுகப்பிரியா போனைப் பார்த்தாள். முப்பது வினாடியில் நின்றிருந்தது. அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

"அப்பா, நாம எண்ணுனது அரை நிமிஷம்தான்."

"நர்ஸம்மாவே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நீ இன்னா புதுசா சொல்ற?"

"ஒரு நிமிஷத்துக்குன்னு நெனச்சுக்கினு சொன்னாங்கப்பா. ரெண்டால பெருக்குனா ஐம்பத்தாறு வருது."

அப்பா சர்க்கரை டப்பாவோடு நின்றார். "அழுதான்ல, அதான் வேகமா வந்திருக்கும்."

அதுவும் இருக்கலாம். "தூங்குனதும் திரும்ப எண்ணலாம்பா" என்றாள்.

ரகு கண்ணயரப் பத்து நிமிடம் ஆனது. இம்முறை அப்பா நேரம் பார்த்தார், அவள் எண்ணினாள். முப்பத்தைந்தில் அவள் மூக்கின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நிமிஷம் ஆச்சு" என்றார் அப்பா.

"ஐம்பத்தேழு."

அப்பா நர்ஸை அழைத்து, போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு. நான் ஒருவாட்டி தப்பா சொல்லிட்டேன்."

அவள் சொன்னதும் நர்ஸின் குரல் மாறியது. "இந்த வயசுல ஐம்பது வந்தாலே பாக்கணும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வாங்க."

பக்கத்து வீட்டு ஐயனார் ஆட்டோ எடுத்தார். ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ வெகுநேரம் நகரவே இல்லை. சுகப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டு ரகுவின் வயிற்றையே பார்த்திருந்தாள்.

ஒருவழியாக ஆஸ்பத்திரி சேர்ந்ததும், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார். "நெஞ்சுல சளி கட்ட ஆரம்பிச்சிருக்கு. சீக்கிரம் வந்துட்டீங்க, மருந்துலயே சரியாயிடும்."

அப்பா மகளின் தலையில் கைவைத்தார்.

மூன்றாம் நாள் காலை, ரகு பசியில் வீடே அதிரக் கத்தினான். அந்த அழுகையைக் கேட்டு அம்மா, அப்பா, சுகப்பிரியா மூவரும் சிரித்தார்கள்.