சேந்தனின் திவசம்

பிளெய்ன்ஸ்பரோவில் ஜம்புநாதனின் அபார்ட்மெண்டுக்கு வந்த டாக்டர் வரதராஜா உட்காரக்கூட இல்லை. நியூ ஜெர்சியில் நான்கு மருத்துவமனைகளுக்குச் சொந்தக்காரர். இளைய மகன் சேந்தனை ஈழப் போரில் தொலைத்தவர்.

"டெக்சாஸில இருந்து வதனி எண்டு ஒருத்தி வந்திருக்கிறா. என்ர சேந்தன்ர மனுசியாம். ஒரு பேத்தியும் இருக்காம். மெய்யெண்டால் அவன்ர பங்கு அவையளுக்கு. பொய்யெண்டால் வாசல்ல நிக்கவும் விடமாட்டன். நீங்கள்தான் விசாரிச்சுச் சொல்லவேணும்."

ஜம்புநாதன் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் தோண்டியவர். அவசரமே படமாட்டார். எதிர் ஃபிளாட் வான்மதிக்கோ கண்ணில் படுகிறவர்கள் எல்லாருமே குற்றவாளிகள். இருவரும் வதனியைப் பார்க்கப் போன ஹோட்டல் அறையில், அவள் பேசப் பேச வான்மதிக்குச் சந்தேகம் தலைக்கேறியது.

"கலியாணப் படம், பதிவு எல்லாம் பங்கர் குழிக்குள்ளயே போயிட்டுது" என்றாள் வதனி. "ரெண்டாயிரத்து ஒன்பது மே பதினாலு காலமை ஷெல் விழுந்தது. நான்தான் அவரைப் புதைச்சனான். முகாமில இருந்து அவற்ர வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னன். அவற்ர அண்ணை செல்வமணிதான் கதைச்சவர். இனி எடுக்காதேங்கோ எண்டிட்டார்."

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, பாத்தீங்களா அங்கிள்? நல்லா ரிஹர்சல் பண்ணியிருக்கா" என்றாள் வான்மதி காரில். ஜம்புநாதன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

டாக்டர் வீட்டுச் சமையலறையில் மூத்தவன் செல்வமணி தேநீர் கொடுத்தான். "ஒரு போனும் வரேல்லை. தம்பி எப்ப செத்தவன், எங்க செத்தவன் எண்டு இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

ஜம்புநாதன் ஃபிரிட்ஜில் தொங்கிய கோயில் காலண்டரைப் பார்த்தார். மே மாதப் பக்கத்தில், தேய்பிறைப் பஞ்சமி என்று அச்சிட்ட கட்டத்தில் 'சேந்தன் திவசம்' என்று பேனாவால் எழுதியிருந்தது.

"இது நீங்க எழுதினதா?"

"ஓம். அப்பா வரமாட்டார், மகன் செத்ததையே அவர் ஒத்துக்கொள்ளேல்லை. நான்தான் குடுக்கிறனான். ஒரு வருஷமும் பிசகேல்லை, எப்பவும் இதே திதிதான்." பெருமையாகத்தான் சொன்னான், பாவம்.

மறுநாள் டாக்டர், செல்வமணி, வதனி மூவரையும் ஜம்புநாதன் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார வைத்தார். வதனி அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

"செல்வமணி, செத்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையிலதான் திதி கொடுப்பாங்க. நீங்க பஞ்சமியில கொடுக்கறீங்க. அந்த நாளை உங்களுக்கு யார் சொன்னா?"

ஜம்புநாதன் வான்மதியிடம் திரும்பினார்.

"வான்மதி, மே பதினாலு செக் பண்ணியா?"

வான்மதி பழைய பஞ்சாங்கத்தை போனில் வைத்திருந்தாள். "தேய்பிறைப் பஞ்சமி, அங்கிள்" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"இவங்க இந்தக் காலண்டரைப் பாத்ததே இல்ல. இவங்க சொன்ன நாளும் நீங்க குறிச்ச நாளும் ஒண்ணு. அந்த போன் வந்திருக்கு, டாக்டர்."

செல்வமணி முகத்தை மூடிக்கொண்டான். "பங்கு பிரியும் எண்டு பயந்திட்டன், அப்பா."

வரதராஜா எழுந்து மகன் முன்னால் வந்து நின்றார். "இவ்வளவத்தையும் மறைச்சனி. திவசத்தையும் அமாவாசையில குடுத்திருந்தா ஒருத்தரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டினமே."

"அவன் வாற நாள் அதுதானே, அப்பா. அண்டைக்குக் குடுக்காட்டிப் பசியோட திரும்பிப் போவான்."

 கிழவர் வதனி பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?"

"கஞ்சி, மாமா" என்றாள் வதனி. "எனக்கு விட்டுட்டுப் பாதிதான் குடிச்சவர்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.