சர்க்கரை தீர்ந்த விளிம்பு

துப்பறிவாளர் இரண்டு முறை உட்காரச் சொல்லியும் அந்தப் பெண் உட்காரவில்லை. எதிர்த்தெரு மதுக்கூடத்தை நடத்துபவள்.

"குடியை விட்டுட்டேன்னு சொன்னதை நம்பித்தான் வீட்டுக்காரரை மறுபடி சேத்துக்கிட்டேன். இப்ப மறைச்சுக் குடிக்கிறார். உறுதியானா இன்னிக்கே வெளியே போகச் சொல்லிடுவேன்."

கையோடு அழைத்துப் போனாள். துப்பறிவாளரின் உதவியாளர், 'அவசரம்' என்று பெயர் வாங்கியவள், எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

கோப்பை விளிம்பில் எலுமிச்சைச் சாறு தடவி, ஆரஞ்சுத் தோல் பொடி கலந்த சர்க்கரையில் கவிழ்த்தெடுப்பது மனைவியின் வேலை. பானம் ஊற்றியதும் மொட்டைமாடியில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தூக்கிப்போவது கணவர். மாடிப்படித் திருப்பத்தில், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு கோப்பை இருந்தது. விளிம்பில் சர்க்கரையே இல்லை.

"போன வாரமும் இதே இடம்தான். கை நடுங்குது, சட்டை வேர்வையில நனையுது, ஒரு இடத்துல நிக்கமாட்டார். பழைய ஆசைதான், வேறென்ன?"

"கோப்பை நிறைஞ்சிருக்கே" என்றார் துப்பறிவாளர்.

"குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தியிருப்பார்" என்றாள் அவசரம்.

"அடியில சிவப்பு, மேல மஞ்சள். ரெண்டும் கலக்காம நிக்குது. தண்ணி ஊத்தினா நிக்குமா? அப்புறம், குடிக்கிறவங்க வாய் வெச்ச இடத்துலதான் சர்க்கரை போகும். இதுல சுத்துவட்டம் முழுக்கப் போயிருக்கு. அவருக்கு வேண்டியது சர்க்கரை மட்டும்தான். அம்மா, அவர் எப்ப சாப்பிடுவார்?"

"கடை சாத்தினப்புறம்."

"நடுக்கம், வேர்வை, பதற்றம். ரத்தத்துல சர்க்கரை இறங்கினாலும் இதேதான் வரும்."

மேலேயிருந்து கணவர் காலித் தட்டோடு இறங்கி வந்தார். கோப்பையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்பலேர்ந்து இன்சுலின் ஊசி போட்டுக்கறீங்க?" என்று துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார்.

"மூணு மாசமா." அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "சொன்னா மாடி ஏற விடமாட்டே. நான் குடிச்சுக் கெடந்தப்ப எல்லாத்தையும் ஒருத்தியா நீ தூக்கினே. இந்தத் தட்டையாவது நான் தூக்கலாம்னு பாத்தேன். கண்ணு இருட்டினப்ப கையில இதுதான் இருந்துச்சு. ஒரு சொட்டு உதட்டுல படாம, சுத்திச் சுத்தி சர்க்கரையை மட்டும் நக்கினேன்."

"படியில விழுந்திருந்தா?" என்றாள் மனைவி.

மாடியில் யாரோ பொறுமையிழந்து கூப்பிட்டார்கள்.

"காத்திருக்கட்டும்" என்றாள். அவரைப் படியிலேயே உட்காரவைத்து, கீழே ஓடிப்போய்ச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு கைகளில் எது நடுங்கியது என்று அவசரத்துக்குக் கடைசிவரை சொல்லத் தெரியவில்லை.