கேப்டன் டயரின் கடிதத்தில் இல்லாத பெயர்

மனுவேல் ஃபுர்டாடோ சிறையில் நிமோனியா கண்டு இறந்து ஒன்பது நாளாகியிருந்தது. அவன் மனைவி இனாசியா, துப்பறிவாளர் எபன் ஸ்லோகமின் முன்னால் வந்து நின்றாள்.

"போனவரைத் திருப்பிக் கேக்கலைங்க. திருடன்ங்கிற பேரை மட்டும் எடுத்துக் குடுங்க ஐயா. பள்ளிக்கூடத்துல எம்பொண்ணு பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா என்று 1788இல் ரோட் ஐலண்ட் ஊர்கள் வாக்களித்தன. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று கேப்டன் டயர் தம்பிக்கு எழுதிய கடிதம் ஊர் ஆவணக் கூடத்தில் இருந்தது. டயர் பாப்டிஸ்ட் சபைக்காரர், ரம் விற்றவர். அந்தக் கடிதம் போலி என்று போன வருடம் ஒரு நிபுணர் சொல்லிவிட்டார். அசலைத் திருடிப் போலியை வைத்தவன் காவலாளி மனுவேலே என்று கூடத்தின் தலைவர் எலிஷா வில்பர் சாட்சி சொன்னார். வில்பர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், பொய் பேசாதவர் என்று ஊரே மதித்த மனிதர்.

ஸ்லோகம் கேட்டதும் வில்பர் அந்தப் போலிக் கடிதத்தை மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். ஸ்லோகமின் உதவியாளர் லாட்டி உரக்கப் படித்தாள்.

"'மூன்றாம் மாதம் 24, 1788. அன்புத் தம்பிக்கு...' ஊரே இருக்கு. உங்க வீட்டாளுங்க ஓட்டே போடலையா சார்?"

"கொள்ளுத்தாத்தா அன்னிக்கு ஊர்ல இல்ல," என்றார் வில்பர். "நாலாம் நாள் திருப்பிக் குடுத்துடுங்க."

"புதன்கிழமைன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று லாட்டி வாசலில் பொருமினாள். ஸ்லோகம் சட்டென்று நின்றார்.

புதனன்று இனாசியாவையும் அழைத்துக்கொண்டு வில்பரிடம் போனார்.

"கிழமை, மாசமெல்லாம் பொய்த் தெய்வங்க பேருன்னு எண்ணிக்கையில சொல்றது உங்க சபை வழக்கம். டயர் 'மூன்றாம் மாதம்'னு எழுத மாட்டார், மார்ச்னுதான் எழுதியிருப்பார். மனுவேல் கத்தோலிக்கர், அவருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. இதை எழுதினது உங்க கை. உங்க கொள்ளுத்தாத்தா பேரை ஏன் எடுத்தீங்க?"

வில்பர் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "எங்க சபையே வெறுக்கிற அடிமைக் கப்பல்ல அவர் ரகசியமா பங்கு வெச்சிருந்தார். புதுச் சட்டப்படி இருபது வருஷத்துக்கு அந்த வியாபாரத்தை யாரும் தடுக்க முடியாதுன்னு குதிச்சுக்கிட்டு ஓட்டுப் போட்டாராம். டயர் அப்படியே எழுதிட்டார். அந்த அசலை எரிச்சுட்டேன்." பிறகு இனாசியாவைப் பார்த்தார். "தப்பு என்னுதுன்னு எழுதித் தரேன்மா."

"எழுத்து வேண்டாம்," என்றாள் இனாசியா. "எம்புருஷன் பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணி அழுதாரு, யாரும் நம்பல. உங்க சபையில சத்தியம் பண்ண மாட்டீங்கன்னு, வெறும் பேச்சையே நம்பினாங்க. அதே கோர்ட்டுல, அதே கூண்டுல ஏறி, அதே வாயால சொல்லுங்க."

வில்பர் தொப்பியை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்தார். மனுவேலுக்கு இது கேட்காது என்பதுதான் கொடுமை.